மறுபடியும் விலகும் முழங்கால்

கபடி ஆடும்போது முழங்கால் திருகிக்கொண்டது. ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து, ஓடித் திரும்பினால் மூட்டு மறுபடியும் விலகுகிறது. சிலருக்கு இப்படி நடக்கிறது. ஏன்?

முழங்காலுக்குள் ஒரு ஜவ்வு இருக்கிறது. டாக்டர்கள் அதை ஏ.சி.எல். என்பார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் அது கட்டி வைத்திருக்கிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிக்கிறது. அது முழுதாக அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. ஆகவே தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுப்பார்கள். இரண்டு எலும்பிலும் துளை போட்டு, புது ஜவ்வாகப் பொருத்துவார்கள்.

புது ஜவ்வு உடனே பலம் பெறாது. நாற்று நட்டால் வேர் பிடிக்க நாள் வேண்டாமா? இதற்கு ஒன்பது மாதம் ஆகும். ஒரு வருடம்கூட ஆகலாம். வலியோ சில மாதத்தில் போய்விடும். அங்கேதான் ஆபத்து! வலி இல்லையே என்று ஆட இறங்கினால் ஜவ்வு மீண்டும் அறுந்துபோகலாம்.

இன்னொரு காரணம், துளை. அது சரியான இடத்தில் இல்லையென்றால் ஜவ்வு இழுபட்டுத் தளரும். இதில் நோயாளியின் குற்றம் ஒன்றும் இல்லை. பக்கத்து ஜவ்வு அறுந்திருந்ததை முதலில் கவனிக்காமல் விட்டாலும் இப்படி ஆகும்.

எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோலக் குருத்தெலும்பு இருக்கிறது. மூட்டு விலகும்போதெல்லாம் அது நசுங்கும். பிறகு மூட்டுத் தேய்மானம் வரும்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினமானது. முதலில் ஸ்கேன் எடுத்துப் பழைய துளையைப் பார்ப்பார்கள். துளை மிகவும் அகன்றிருந்தால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அதை அடைப்பார்கள். அது இறுக நாலைந்து மாதம் ஆகும். பிறகுதான் புது ஜவ்வு வைப்பார்கள். அதை முழங்கால் சில்லுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ எடுக்கலாம். மற்றக் காலிலிருந்தும் எடுக்கலாம்.

பலன் முதல் தடவை அளவுக்கு இருப்பதில்லை. "பழையபடி ஆடலாம்" என்று யாராவது சொன்னால், பத்துப் பேரில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. ஓட்டமும் ஆட்டமும் வேண்டாம் என்பவருக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முதல் ஆபரேஷனில் வைத்த திருகாணி உலோகமா, கரையும் வகையா என்று அந்தச் சீட்டில் இருக்கும். அடுத்த ஆபரேஷனைத் திட்டமிட அதுவும் உதவும்.