லாரி ஃபைல் – 9: உத்திரமேரூர் கேட்ட கேள்வி

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. கணக்கைப் போன வாரமே முடித்தாயிற்று: வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். தொடர்ந்து வருபவர்களுக்கு இது போதும். இந்த வாரம் டிரைவரின் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உத்திரமேரூர் கல்வெட்டு குறுக்கே வந்துவிட்டது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகனின் ஆட்சி. ஆண்டுகள் 919, 921. குடவோலைத் தேர்தல், 30 குடும்பு (வார்டு), குடத்தில் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவன் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. என்னைப் பிடித்துக்கொண்டது, யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்ற பட்டியல். வாரியத்தில் (ஊர்க் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது. அவரோடு நிற்கவில்லை, அவருடைய மகன், தந்தை, உடன்பிறந்தவர், மாமன், மாமனார், மருமகன் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவரும் கூடாது. அந்த நான்கில் மது அருந்துவதும் ஒன்று. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து முடித்தாலும் ஆயுள் முழுக்கத் தடைதான்.

அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. அந்த வேலியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது, பொறுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்ட ஒழுங்கை. ஏரி வாரியத்தின் ஆறு பேருக்கே இத்தனை கேள்வி!

இன்று அதே வட்டாரத்தில், மதூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பரை நிறுத்தினால் டிரைவர் நீட்டும் ஃபைலில் ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, நடைச்சீட்டு எல்லாம் இருக்கும். வண்டியைப் பற்றியும் லோடைப் பற்றியும் தாள் உண்டு. ஸ்டியரிங் பிடித்தவர் இன்று காலை எந்த நிலையில் ஏறினார் என்பதற்கு ஒரு தாளும் கிடையாது. வைத்திருக்க வேண்டும் என்று லாரி ஓனரைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது போலீஸ் ஊதச் சொல்லும்போது வேலை செய்யும் சட்டம். ஊதும் கருவிக்குக் கஞ்சா தெரியாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முதலாளியின் தலையில் வைத்தார்கள். 1987 ஜனவரி 4 அன்று மேரிலாண்டின் சேஸ் என்ற இடத்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தார்கள். என்ஜின் ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. 1991-இல் சட்டம் வந்தபோது அது ரயிலோடு நிற்காமல் லாரியையும் சேர்த்துக்கொண்டது. வேலையில் சேர்க்கும் முன் போதைப் பரிசோதனை, விபத்துக்குப் பின், முன்னறிவிப்பில்லாமல் இடையிலும். 2020 ஜனவரி முதல், இதில் தவறியவர்களுக்கான தேசியப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. புது டிரைவரை எடுக்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் முதலாளி அதைப் பார்த்தாக வேண்டும். தவறியவர் பெயர் குறைந்தது ஐந்தாண்டு அதில் இருக்கும். ஆனாலும் சிகிச்சை முடித்து, மறுபரிசோதனையில் தேறினால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். ஆயுள் தடை விதித்த உத்திரமேரூரைவிட இதுதான் நியாயம். குடியை விட நினைக்கும் டிரைவருக்கு வேலைக்குத் திரும்ப ஒரு வழி இருந்தே ஆகவேண்டும்.

ஓனர்கள் கவனிக்க: குடித்த டிரைவரைத் தெரிந்தே அனுப்பினால் 188-ஆம் பிரிவு தூண்டியவருக்கும் அதே தண்டனையைத் தருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லக்கூடிய மறுப்புகளில் குடிபோதையும் சேர்ந்துவிட்டது. நஷ்ட ஈடு உங்கள் தலையிலேயே விழலாம்.

படிவம் 1ஏ அடுத்த வாரம். அதுவரை, டிப்பர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஊதும் கருவியும் ஒரு நோட்டும் வாங்குங்கள். முதல் நடைக்கு முன் தேதி, நேரம், அளவு, இரண்டு கையெழுத்து. சட்டம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.