ஒரு காது கேட்டா போதாதா?

இயர்பட்ஸ்ல கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ஒண்ணை மட்டும் கழட்டிடுங்க. நான் பேசுறது இப்பவும் புரியுது இல்லையா? "அப்ப ஒரு காதே போதுமே"ன்னு தோணும். என் வீட்லயும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க, விஷயம் தெரிஞ்சிருந்தா.

எனக்கு இடது காது கேட்காது. அது தெரிய வந்தது மூணாம் வகுப்பில். ஊர்ல இருந்து பாட்டி போன் பண்ணாங்க. ரிசீவரை இடது காதில் வெச்சுட்டு, "பாட்டி பேசவே மாட்டேங்கிறாங்க"ன்னு சொன்னேன். அஞ்சு வயசில் வந்த பொன்னுக்கு வீங்கி காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் ஸ்கூலில் எனக்கு ஒரே பேர்தான்: "கவனிக்காத பையன்".

ரெண்டு காது எதுக்கு? வலப்பக்கம் அடிக்கிற ஹார்ன், இடது காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதத்தில் போய்ச் சேரும். நடுவில் தலை மறைப்பதால் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த ரெண்டு வித்தியாசத்தையும் வெச்சுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரிச்சு எடுக்கவும் ரெண்டு காதும் வேணும்.

அதனாலதான் அமைதியான வீட்டில் இந்தக் குழந்தைகளிடம் குறையே தெரியாது. ஃபேன் ஓடுற, நாற்பது பேர் பேசுற வகுப்பறையில்தான் பாதி பாடம் நழுவிப்போகும். மீதியைப் பிடிக்கிற முயற்சியிலேயே களைச்சுப் போயிடுவாங்க. 1980களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் பெஸ் குழுவினர் இப்படிப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வகுப்பிலாவது தேறாமல் போயிருந்தார்கள். குறை அறிவில் இல்லை. பாடம் முழுசா காதில் விழவே இல்லை.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு காதையும் தனித்தனியா பரிசோதிக்கணும். பிறந்ததும் செய்த பரிசோதனை சரியா இருந்தாலும், குறை பிறகு வரலாம். திடீர்னு ஒரு காது கேட்காம போனா, நாள் கடத்தாம காது மருத்துவரைப் பார்க்கணும். தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மையும் ருபெல்லாவும் இருக்கு, பொன்னுக்கு வீங்கி இல்லை. அதனால எம்எம்ஆர் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்க.

வகுப்பில் இடத்தை மாத்துறதுக்குக் காசே வேண்டாம். இடது காது கேட்காதுன்னா, முன் வரிசையில் இடது ஓரம். நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும். கொஞ்சம் கேட்கும் காதுக்கு ஹியரிங் எய்டு உதவும். சுத்தமா கேட்கலைன்னா, அந்தப் பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்புற 'கிராஸ்' கருவி இருக்கு.

எனக்கு மூணாம் வகுப்பில் நடந்தது இடமாற்றம் மட்டும்தான். அந்த வருஷமே "கவனிக்காத பையன்"ங்கிற பேர் போச்சு. இப்பவும் என் ஃபிரெண்ட்ஸ் சொல்லாமலேயே என் வலப்பக்கம் வந்து நடப்பாங்க.

கூப்பிட்டா திரும்பாத குழந்தை உங்க வீட்டில் இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிட்டீங்கன்னு பாருங்க.