தாத்தாவின் கிளாரினெட் பரணில் இருக்கிறதா? எண்ணெய் போடும் முன் இதைப் படிங்க!

தாத்தா கல்யாணக் கச்சேரிகளில் வாசித்த கிளாரினெட் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? தூசு தட்டி, தேங்காய் எண்ணெயைத் தடவி, உடனே ஊதிப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க! பல வருடம் காய்ந்துகிடந்த மரத்தில் அந்த அவசரமே விரிசல் விழ வைத்துவிடலாம்.

திருச்சிக்காரர்களுக்கு இந்த வாத்தியம் புதிதல்ல. கிளாரினெட்டைத் தனிக்கச்சேரி மேடையில் ஒலிக்கவைத்து, 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் இந்த ஊர்தான்.

விரிசல் ஏன் விழுகிறது?

நல்ல கிளாரினெட்டுகள் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யப்படுபவை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரம். ஊதும்போது ஈரமான மூச்சு பட்டு உட்புறம் விரியும். வெளிப்புறம் காய்ந்தே இருக்கும். இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. பெரும்பாலும் மூச்சு முதலில் படும் மேல் பாகத்தில்தான் விரிசல் விழும்.

திருவெள்ளறைக் கோயில் வெண்பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே ஏசி காரிலிருந்து இறங்கி, பங்குனி வெயிலில் நேராக வாசித்தாலும் இதே ஆபத்துதான். கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டு எடுங்க. பூட்டிய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீங்க.

எண்ணெய் போடுவது எப்படி?

எண்ணெய், மரம் ஈரத்தை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கும். பிளாஸ்டிக், எபோனைட் கிளாரினெட்டுக்கு இது தேவையே இல்லை.

* வாசித்த ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே எண்ணெய் போடணும்.
* வாத்தியக் கடையில் 'போர் ஆயில்' என்று கேளுங்க. சுத்தமான பாதாம் எண்ணெயும் பயன்படுத்துகிறார்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். தையல் மெஷின் எண்ணெய் உலோகத்துக்கானது. இரண்டும் வேண்டாம்.
* துளைகளை மூடும் பேடுகளில் எண்ணெய் பட்டால் கெட்டுவிடும். அவற்றின் கீழே மெல்லிய காகிதத்தைச் செருகிவையுங்க.
* துணியில் சில சொட்டு மட்டும் விட்டு, குழலின் உட்புறத்தில் ஓட்டுங்க. ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துடுங்க.

தினமும் செய்ய வேண்டியது

எண்ணெயைவிட முக்கியம், துடைப்பது. வாசித்து முடித்ததும் குழலுக்குள் துணியை இழுத்து ஈரத்தை எடுத்துடணும். ரீடைக் கழற்றித் தனியாக வைக்கணும். மூட்டுகளில் உள்ள கார்க்குக்குத் தனி கிரீஸ் இருக்கிறது. குழல் எண்ணெயை அதில் தடவாதீங்க. மழைக்காலத்தில் மூட்டு இறுகினால் முறுக்கிப் பிடுங்க வேண்டாம். காய்ந்ததும் தானே இளகும்.

பரணிலிருந்து இறக்கிய கிளாரினெட்டைப் புதுசு போலவே பழக்குங்க. முதல் சில வாரம் தினமும் 15 நிமிடம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம்.

ஏற்கெனவே விரிசல் தெரிகிறதா? அதில் எண்ணெய் விடாதீங்க. எண்ணெய் ஊறிய இடத்தில் பசை பிடிக்காது. ஊதுவதை நிறுத்திவிட்டு, வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்க. ஆரம்பத்திலேயே கவனித்தால், பெரும்பாலான விரிசல்களை ஒட்டிச் சரிசெய்துவிடலாம். தாத்தாவின் கிளாரினெட் மறுபடியும் பேசும்!