மய்யித்து வீட்டுத் திண்ணையில்

2018 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. வடக்குத் தில்லி புராரியில், சந்த் நகரில், ஒரே வீட்டில் 11 பேர் இறந்து கிடந்தார்கள். கீழே மளிகைக் கடையும் பிளைவுட் கடையும் நடத்திவந்த குடும்பம். விடிந்தும் கடை திறக்கவில்லையே என்று மாடியேறிப் போன பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். எண்பதை ஒட்டிய பாட்டி முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை மூன்று தலைமுறை. இரண்டு வாரம் முன்புதான் அந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்து எங்கள் ஊர் லால்பேட்டையின் கடைத்தெருவில் டீ குடிக்க உட்கார்ந்தேன். தில்லியைக் கண்ணால் பார்க்காதவர்களிடம்கூடப் பதில் தயாராக இருந்தது. ஒருவர் கடன் என்றார். இன்னொருவர் சொத்துத் தகராறு, வெளியாள் வந்து செய்த கொலை என்றார். மறுநாள் தொலைக்காட்சியில் குழாய்களைக் காட்டினார்கள். அந்த வீட்டுச் சுவரிலிருந்து 11 பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஏழு வளைந்தவை, நான்கு நேரானவை. இறந்தவர்களில் பெண்கள் ஏழு பேர், ஆண்கள் நான்கு பேர். அவ்வளவுதான், நாடு முழுவதும் அந்தக் குழாய்களையே பேசிற்று. ஆவி வெளியேறும் வழி என்றார்கள். வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் அவை காற்றோட்டத்துக்கு வைத்தவை என்று சொன்னார். யாருக்கும் அந்தப் பதில் போதவில்லை.

போலீஸ் கையில் கிடைத்தவை நோட்டுகள். சுமார் 11 ஆண்டுகளாக எழுதிவந்த 11 நோட்டுகள். 2007இல் குடும்பத்தின் தகப்பனார் இறந்தார். அதன்பின் இளைய மகன் தன் வழியாக அப்பா பேசுவதாக நம்பத் தொடங்கினார். எப்போது எழ வேண்டும், எப்படிச் சாமி கும்பிட வேண்டும், யார் என்ன தவறு செய்தார்கள் என்றெல்லாம் அந்த நோட்டுகளில் கட்டளைகள் இருந்தன. வீடே அவற்றுக்குக் கட்டுப்பட்டது. கடைசி இரவுக்கான சடங்கும் அதில் எழுதியிருந்தது. அது முடிந்ததும் காப்பாற்றப்படுவோம், மறுநாள் வழக்கம்போல எழுந்திருப்போம் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். எதிர்வீட்டுக் கேமராவில் வெளியாள் எவரும் வந்த பதிவு இல்லை. மத்தியத் தடய அறிவியல் ஆய்வகத்தின் உளவியல் ஆய்வு, இவர்களில் யாருக்கும் சாகும் எண்ணம் இல்லை, சடங்கின்போது நேர்ந்த விபத்து இது என்று முடிவு சொன்னது. 2021இல் வெளியார் கை இல்லை என்று போலீஸ் வழக்கை முடித்தது. ஆனால் இன்றும் எங்கள் ஊரில் அந்தப் பேச்சு வந்தால், முதலில் வருவது குழாய்தான். ஒரு வீட்டின் துக்கத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்துக் கடைக்காரர்கூட அறியாமல் இருந்திருக்கிறார் என்பதை யாரும் பேசுவதில்லை.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் ஆண் மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டக் கூப்பிடும் நாலைந்து பேரில் ஒருவன். இந்த இரண்டு வேலைகளாலும் ஒரு சாவு நடந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குப் பழக்கம். உடலைப் போர்த்தும் கபன் துணி வெட்டி முடிப்பதற்குள் வெளியே திண்ணையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பிறகு என்னிடம் வருவார்கள். "மாமா, நீங்கதானே குளிப்பாட்டுனீங்க? முதுகு எப்படிச் செவந்து கெடந்துச்சு, பாத்தீங்கல்ல?"

பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும்.

இதயம் நின்றுவிட்டால் ரத்தம் ஓடாது. தன் எடையால் உடம்பின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாந்து படுத்து இறந்தவருக்கு முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளுத்திருக்கும். பாயின் கோடுகளோ, மடிந்த சட்டையோ அழுந்திய இடம் கோடு கோடாகக் காணும். பார்ப்பவருக்குப் பிரம்படி என்றே தோன்றும். அடிபட்ட காயமா, தேங்கிய ரத்தமா என்று பிரித்துச் சொல்ல மருத்துவர் அந்த இடத்தைக் கீறிப் பார்ப்பார். காயமாக இருந்தால் ரத்தம் தசைக்குள் உறைந்து ஒட்டியிருக்கும், தண்ணீர் விட்டாலும் போகாது. தேங்கிய ரத்தம் கழுவினால் போய்விடும். குளிப்பாட்டுகிற நமக்கு இந்த வித்தியாசம் கண்ணால் தெரியாது. எனக்கும் தெரியாது.

வாயில் நுரை என்றால் விஷம் என்பது அடுத்த நம்பிக்கை. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் நுரை வரும். வலிப்பில் இறந்தவருக்கும் வரும், தண்ணீரில் மூழ்கியவருக்கும் வரும். பூச்சிமருந்து குடித்தவருக்கும் வரும்தான். ஆகவே நுரையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நகம் நீலம் பாய்ந்திருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது என்றுதான் பொருள். ஆஸ்துமாவிலும் மாரடைப்பிலும் அது உண்டு. கோடையில் ஒரு நாள் தாண்டிவிட்டால் வயிறு உப்பி, மூக்கிலும் வாயிலும் ரத்தம் கலந்த நீர் வடியும். பூட்டிய வீட்டில் தனியாக இறந்து கிடந்த முதியவரின் முகத்தை அப்படிப் பார்த்துவிட்டு, யாரோ தலையில் அடித்திருக்கிறார்கள் என்று சத்தியம் செய்தவர்களை அறிவேன். அது உடம்பு அழுகத் தொடங்கியதன் அடையாளம், அவ்வளவே.

எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். துபாய், குவைத், சிங்கப்பூர் என்று பிரிந்து கிடக்கிற குடும்பங்களில் வீட்டில் இருப்பது வயதான மாமியாரும் இளம் மருமகளும். ஒரு வீட்டில் மாமியார் இரவில் நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார், பஜ்ருக்கு எழவில்லை. முதல் நாள் இரண்டு பேருக்கும் சத்தமாக வாக்குவாதம் நடந்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். லுஹருக்குள் அடக்கம் முடிந்தது. அஸருக்குள் மருமகள் பாலில் எதையோ கலந்துவிட்டாள் என்று தெரு பேசியது. மகன் விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் கைப்பேசிக்கு அந்தக் கதை போய்விட்டது. அந்தம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருந்தது, மாத்திரையை எத்தனை மாதமாக நிறுத்தியிருந்தார் என்பது எனக்குத் தெரியும், சீட்டை நானே பார்த்திருக்கிறேன். சொன்னேன். ஆனால் போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை, ஆகவே என் சொல்லும் இன்னொரு யூகமாகத்தான் நின்றது. அந்தப் பெண் எள்ளேரியில் உள்ள தாய்வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு தாள் அவளிடம் இல்லை.

இதுதான் நான் சொல்ல வருவது. மய்யித்தை அறுக்கக்கூடாது, சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவசரப்படுகிறோம். இறந்தவரின் கண்ணியம் கருதி அப்படிச் செய்வது நல்ல எண்ணம்தான். ஆனால் சந்தேகத்தை வாயால் பேசிக்கொண்டே அதைத் தீர்க்கும் ஒரே சோதனையை வேண்டாம் என்று சொல்வது உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் அநியாயம். சட்டப்படி அவசியம் வரும்போது பிரேதப் பரிசோதனைக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று ஆலிம்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மன்பவுல் அன்வார் போன்ற மதரஸா இருக்கிற ஊர் நம்முடையது, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குர்ஆனில் ஹுஜுராத் அத்தியாயம் சந்தேகங்களிலிருந்தும் துருவித் தேடுவதிலிருந்தும் புறம்பேசுவதிலிருந்தும் நம்மைத் தடுப்பதை ஜும்ஆ பயானில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம்.

யூகிப்பவர்கள் மனிதரைத்தான் தேடுவார்கள். வீட்டுக்குள் ஆளைக் கொல்லும் மற்றவை அவர்கள் கண்ணில் படுவதில்லை. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் எலித் தொல்லைக்காக வீட்டில் மருந்து வைத்தார்கள். இரவு ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தார்கள். 6 வயது மகளும் 1 வயது மகனும் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனைக்குப் போனார்கள். எலி மருந்து சிலவற்றிலும், நெல் மூட்டையில் வண்டு வராமல் போடும் மாத்திரையிலும் பாஸ்பைடு இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பின் என்ற நச்சு வாயுவாக மாறும். வீராணம் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நம் பக்கத்தில் அந்த மாத்திரை இல்லாத ஊர் இல்லை. தூங்கும் அறையில் மூட்டையை வைக்காதீர்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் தங்கும் விடுதி அறை ஒன்றில் கேஸ் ஹீட்டர் எரிய, கேரளத்திலிருந்து போன 8 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, கடலூர் மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு, நம் பக்கத்தில் பல வீடுகளில் ஜெனரேட்டர் வந்தது. மழைக்குப் பயந்து அதை வீட்டுக்குள்ளே வைத்து ஓட்டினால் இதே வாயுதான் வரும். இப்படி இறந்தவரின் முகம் சிவந்து, ஆரோக்கியமாக இருப்பதுபோலத் தெரியும். பார்ப்பவர் அதை ஒரு கராமத்தாகவோ (அற்புதமாகவோ), அல்லது மர்மமாகவோ பேசுவார். ரத்தப் பரிசோதனையில் உண்மை வெளிவந்துவிடும்.

சந்தேகமே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோழிக்கோடு பக்கம் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. 2011இல் இறந்தவருக்கு மட்டும் பிரேதப் பரிசோதனை நடந்தது. சயனைடு என்று அறிக்கை சொன்னது, தற்கொலை என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. சொத்துப் பத்திரங்களைச் சேகரித்து, போலீசில் எழுதிக் கொடுத்தார். 2019 அக்டோபர் 4 அன்று கல்லறைகளைத் தோண்டினார்கள், மறுநாள் அந்த வீட்டு மருமகள் கைதானார். வழக்கு நீதிமன்றம் போயிற்று. அந்தத் தம்பி காகிதத்தோடு போனார், தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். சொன்னது தவறானால் அவரே பதில் சொல்ல வேண்டும். திண்ணையில் பேசுகிறவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

நொய்டாவில் 2008இல் நடந்ததை மறந்துவிடக்கூடாது. 13 வயதுச் சிறுமி வீட்டில் கொலையானாள், காணாமல் போன வேலைக்காரர்தான் செய்தார் என்று முதல் நாளே எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் அவர் உடலும் அதே வீட்டு மொட்டைமாடியில் கிடைத்தது. அதன்பின் பெற்றோர் என்றார்கள். 2013இல் அவர்களுக்குத் தண்டனை, 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. ஒன்பது ஆண்டுகள் நாடே அந்தச் சிறுமியின் நடத்தையைப் பற்றிக் கூசாமல் பேசியது. எனக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

இனி நடைமுறை. சந்தேகத்துக்குரிய சாவு என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்றிருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. பரிசோதனையில் வயிறு, குடல், ஈரல், சிறுநீரகம் இவற்றின் பகுதிகளை எடுத்து உப்புக் கரைசலில் போட்டு, முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நமக்குப் பக்கத்தில் விழுப்புரத்தில் ஒன்று இருக்கிறது. இந்தத் துறைக்கு வேர் 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். இந்தியாவிலேயே முதலாவது அது. ஆய்வக முடிவு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் யூகங்கள் பெருகுகின்றன. அடக்கத்துக்கு நேரமாகுமே என்று தயங்குபவர்களுக்கு இன்னொன்று. 2021 நவம்பர் முதல், வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் பரிசோதனை செய்ய மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றில் மட்டும் பொதுவாகப் பகல் வரை காத்திருக்க வேண்டும். ஒரு இரவுதான்.

ஜமாஅத் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மவுத்துச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். சந்தேகம் பேசுகிறவரை அழைத்து, எழுதித் தருகிறாயா என்று கேளுங்கள். தருவேன் என்றால் அவரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். தரமாட்டேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இறந்தவரின் குடும்பத்தார் பரிசோதனை அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். துக்கத்தில் தூக்கம் கெட்டவர்கள், பழி சுமந்து மனம் உடைந்தவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.