ஒரு டம்ளர் ரத்தம் எல்லோருக்கும் ஒன்றல்ல

மேட்டூரில் அணையின் இன்றைய நீர்மட்டம் என்னவென்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. தண்ணீர். பக்கத்துப் பவானிசாகர் 105 அடியில் நிரம்பிவிடும். அடிக்கணக்கில் வித்தியாசம் பதினைந்துதான். ஆனால் அங்கே தேங்குவது 32.8 டி.எம்.சி. மட்டமும் கொள்ளளவும் வேறு வேறு என்பது காவிரிக்கரை மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ரத்தக் கணக்கும் இப்படித்தான். ஹீமோகுளோபின் 12 என்றால், 100 மில்லி ரத்தத்தில் அது 12 கிராம் இருக்கிறது என்று பொருள். அது மட்டம். உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் உடலின் அளவுதான் தீர்மானிக்கிறது.

கிலோவுக்கு எவ்வளவு?

வளர்ந்த ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 70 முதல் 75 மில்லி ரத்தம் இருக்கும். பெண்ணுக்குச் சுமார் 65 மில்லி. 70 கிலோ ஆணின் உடலில் 5 லிட்டர் என்றால், 45 கிலோ பெண்ணின் உடலில் 3 லிட்டர்கூட முழுதாக இருக்காது. பத்துக் கிலோ குழந்தைக்கு முக்கால் லிட்டர். மூன்று கிலோவில் பிறக்கும் பச்சைக் குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மில்லி வீதம் கணக்கிட்டாலும், மொத்தமே 240 மில்லிதான்.

இப்போது ஒரு டம்ளர் அளவு, அதாவது 200 மில்லி ரத்தம் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆணுக்கு அது நூற்றில் நான்கு பங்கு. பெண்ணுக்கு ஏழு பங்கு. பத்துக் கிலோ குழந்தைக்குக் கால்வாசிக்கும் மேல். பச்சைக் குழந்தைக்கோ ஏறக்குறைய எல்லாமே.

எடை கூடினால் ரத்தம் கூடுமா?

கூடும், ஆனால் அதே வீதத்தில் கூடாது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், கொழுப்புக்குக் குறைவு. 70 கிலோ இருந்தவர் உடற்பருமனால் 100 கிலோ ஆனால், ரத்தம் 7 லிட்டராகிவிடாது. ஐந்தரை லிட்டரை ஒட்டியே நிற்கும். அதனால்தான் மருத்துவர்கள் எடையோடு உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். பருமனாக இருப்பவர் ரத்தம் நிறைய உள்ளவர் என்று முடிவு கட்டக் கூடாது. அவருக்கும் ரத்தசோகை வரும்.

கர்ப்பிணியின் கணக்கு

பேறுகாலம் நெருங்கும்போது தாயின் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. இதில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே ஹீமோகுளோபின் சற்று இறங்குவது இயல்பு. 11-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை, சிகிச்சை தேவை.

பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்பது பொதுவான அளவுகோல். மெலிந்த, ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த இழப்பே உயிருக்கு உலை வைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை "மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது" என்று பரணில் போட்டுவிடாதீர்கள். மலம் கறுப்பது இயல்புதான். குமட்டினால் செவிலியரிடம் சொல்லுங்கள். எப்போது எப்படிச் சாப்பிடலாம் என்று வழி சொல்வார். அந்த மாத்திரை பேறுகாலத்துக்கான சேமிப்பு.

ரத்ததானத்தில் 45 கிலோ ஏன்?

தானம் செய்ய முன்வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பப்படும்போது மனம் வாடுகிறார்கள். அந்த விதி அவர்களின் நலனுக்கானது. இந்திய விதிப்படி 45 கிலோவுக்குக் குறைந்தவர் ரத்தம் கொடுக்கக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பொதுவாக 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். 45 கிலோ பெண்ணுக்கு 350 மில்லி என்பது எட்டில் ஒரு பங்கு. இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும்; சிவப்பணுக்கள் நிறையப் பல வாரங்கள் ஆகும். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருப்பது அதனால்தான்.

குழந்தைக்கு ரத்தம் போனால்

குழந்தையின் உடல் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். ரத்த அழுத்தம் கடைசிவரை சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, திடீரென்று சரியும். எனவே, வேகமான நாடித்துடிப்பு, கைகால் சில்லிடுதல், வெளிறிய முகம், சோர்ந்து தூங்கி விழுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

காயத்தில் காபித்தூளோ மஞ்சள்தூளோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள். "கொஞ்சம்தானே போச்சு" என்று பெரியவர்களின் அளவில் குழந்தையை எடை போட வேண்டாம்.

மூன்று எண்கள்

வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் எடை, உயரம், ஹீமோகுளோபின் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரசு மருத்துவமனையிலேயே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளலாம். அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது, குறிப்பாகக் குழந்தைக்கு, எடையைத்தான். மருந்தும் ஏற்ற வேண்டிய ரத்தமும் அதை வைத்தே கணக்கிடப்படும். அணையின் மட்டத்தை அன்றாடம் விசாரிக்கிற ஊர் இது. வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் கணக்கையும் அதே அக்கறையோடு விசாரிப்போம்.