பாம்புக்கடியும் பிழைத்தவர் சாட்சியும்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் மாமல்லபுரத்தைத் தாண்டினால் வடநெம்மேலி. பிள்ளைகளை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனவர்கள் அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் பார்த்திருப்பார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம் இது. நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இவர்கள் கையால் எடுக்கப்படுவதுதான். பாம்பைக் கொன்று எடுப்பதில்லை. சில வாரம் பானையில் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். உலர்த்திய விஷம் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள்.

மருந்துக்கு மூலப்பொருள் இவ்வளவு பக்கத்தில் கிடைத்தும், சவுக்குத் தோப்பில் ஒருவரைப் பாம்பு தீண்டினால் “முதல்ல மந்திரிச்சிடலாம், அப்புறம் ஆஸ்பத்திரி” என்று சொல்ல ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். படிக்காதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மந்திரம் ஏன் பலிக்கிறது?

பலிக்கிறது என்று ஊர் நம்புவதற்குக் காரணம் உண்டு. நம்மைச் சுற்றித் திரியும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரைக்கும் நீர்க்கோலிக்கும் விஷமே இல்லை. கடித்துவிட்டு மரமேறி, சுடுகாட்டில் பிணம் எரிகிறதா என்று பார்க்குமாமே கொம்பேறிமூக்கன், அதன் கடியால் எந்தப் பிணமும் எரிவதில்லை. நல்ல பாம்பும் விரியனும்கூடச் சில சமயம் பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமலே போய்விடும். ஆக, மந்திரிப்பவரிடம் போகிறவர்களில் பலர் வீட்டிலேயே படுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பிழைக்காதவருக்காகச் சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை. “அவன் விதி முடிஞ்சுது” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா, மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். விஷம் நாக்கின் ருசியை மாற்றிக் காட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. விஷக்கல் என்று காயத்தில் ஒட்டவைப்பது பெரும்பாலும் கரியாக்கிய எலும்புத் துண்டு. நுண்துளைகள் இருப்பதால் காயத்தின் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்கிறது, ஈரம் ஊறியதும் விழுந்துவிடுகிறது. உடம்புக்குள் போன விஷத்தை அது தொடுவதே இல்லை. சிறியாநங்கையைத் தின்றால் விஷம் ஏறாது என்பார்கள். செடி வீட்டில் இருக்கட்டும், அதை நம்பி நேரத்தை விடக்கூடாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்த சாவுகள் இவை. பல அரசுக் கணக்கில் சேராதவை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கட்டாதீர்கள், கீறாதீர்கள்

காலில் கடித்ததும் துண்டைக் கிழித்து முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது: எல்லாம் சினிமாவில் பார்த்துப் பார்த்துப் பழகியது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகலாம். கட்டை அவிழ்த்த வேகத்தில் தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே பாயவும் கூடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும்; அந்தக் காலைக் கீறினால் ரத்தம் நிற்காது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல ஒரு பலகையை வைத்து, ரத்த ஓட்டம் தடைபடாமல் தளர்வாகக் கட்டி, அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கவிடக் கூடாது. 108 வரத் தாமதமானால் பைக்கில் ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் கடிபட்டவரை உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

விடியற்காலை வயிற்று வலி

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தான தப்பெண்ணம், “பாம்பு கடிச்சா தெரியாமலா போகும்?” என்பதுதான். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் தெரிவதே இல்லை. இரவில் வெளியே வரும் பாம்பு அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வரப்பும் நிரம்பினால் எலி வீட்டுக்குள் வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரளும்போது கடித்துவிட்டுப் போகும். பல் நுணுக்கமானது, வீக்கம் இருக்காது, வலி இருக்காது, தடம்கூடக் கண்ணுக்குப் படாது. கொஞ்சம் சுருக்கென்றால் எறும்போ பூரானோ என்று சொறிந்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள்.

விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழும். ராத்திரி தின்றது சேரவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பார். அடுத்ததாக இமை தொங்கும். கண்ணைத் திறக்கச் சொன்னால் புருவத்தைத் தூக்கிப் பார்க்கும், இமை எழாது. தூக்கக் கலக்கம் என்று அதையும் விட்டால், பேச்சு குழறி, எச்சில் விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சு விடும் தசையே செயலிழக்கும். தரையில் படுத்தவருக்கு விடியலில் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரத்துக்கு வென்டிலேட்டரில் போட்டால், செத்துவிட்டார் என்று நினைக்கும்படி அசைவற்றுக் கிடந்தவரும் எழுந்து வந்துவிடுவார்.

கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதும் கொசுவோடு கட்டுவிரியனையும் தள்ளி வைக்கும்.

“பாம்பை அடிச்சு எடுத்துக்கிட்டு வாங்க”

வேண்டாம். இங்கே கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் அறிகுறியை வைத்து மருத்துவர் முடிவு செய்துவிடுவார். உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பாம்பைத் தேடிப் புதருக்குள் போனவரையும் அது கடித்தால் ஒரு படுக்கைக்கு இரண்டு படுக்கை ஆகும். வெட்டிப்போட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். பாம்பு பிடிப்பது இருளர்களுக்குத் தலைமுறைக் கல்வி. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அந்தத் திறமைக்குத்தான் 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். நாம் தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை.

ஊசியின் மேல் பயம்

“அந்த ஊசியே ஆளை அடிச்சிடும்” என்று சொல்லித் தாமதிப்பவர்கள் உண்டு. குதிரை ரத்தத்திலிருந்து வருவதால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு, நடுக்கம் வரும். அரிதாக ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகவும் போகலாம். அதற்கென்று அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள். கர்ப்பிணிக்கும் இந்த மருந்தைக் கொடுக்கலாம்.

குழந்தைக்குப் பாதி மருந்து போதும் என்பதும் தவறு. பெரியவர்களுக்கு முதலில் 8 முதல் 10 குப்பி ஏற்றினால் குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லையே. கடித்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டு வர வேண்டும்.

கரையோரத்துக்கு ஒரு தனிச் செய்தி

நீர்க்கோலிக்கு விஷமில்லை என்பதை வைத்துத் தண்ணீரில் இருக்கும் எந்தப் பாம்புக்கும் விஷமில்லை என்று முடிவுகட்டுவது கடலில் செல்லாது. வலையில் மாட்டும் கடல் பாம்பின் வால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். அது கடுமையான விஷம் உள்ளது. அதை வெறுங்கையால் பிடித்து வீசுகிறவர்கள் இன்றுவரை தப்பித்திருந்தால், அது எளிதில் கடிக்காத குணத்தால்தான். கடித்தாலும் வலி தெரியாது. சிறிது நேரத்தில் தொடங்கும் உடம்பு வலியை வலை இழுத்த அலுப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். கழுத்து விறைத்து, தாடை இறுகி, சில மணி நேரத்தில் சிறுநீர் காபித் தண்ணீர் நிறத்தில் போகும். தசை கரைந்து சிறுநீரகத்தில் அடைப்பதன் அடையாளம் அது. மேலே சொன்ன நான்கு பாம்பு மருந்து இதற்கு வேலை செய்யாது. மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவதே சிகிச்சை என்பதால், கரையில் இறங்கியதும் டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஒன்றுக்கு, போய்விட வேண்டும். போனதும் கடல் பாம்பு என்று சொல்ல மறக்கக் கூடாது.