அளக்கப் போனால் நின்றுவிடும் நிரல்

கோல சிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள தோட்டங்களில் இன்று செம்பனையே அதிகம். பால்மரங்கள் நிறைந்திருந்த காலத்தில், தொழிலாளர்கள் விடியுமுன்பே மரம் சீவத் தொடங்குவார்கள். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, வெயில் ஏறுமுன் கொட்டகைக்குக் கொண்டுபோய் எடை போடுவார்கள். எந்த மரம் அதிகப் பால் தருகிறது என்று அறிய, ஒவ்வொரு மரத்தடியிலும் எடை போட்டால் என்ன ஆகும்? கணக்குச் சரியாகக் கிடைக்கும். பாலோ வாளியிலேயே உறையத் தொடங்கிவிடும்.

கணினி நிரலுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நிரலின் எந்தப் பகுதி அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளக்க, கம்பைலரிலேயே ஒரு வசதி உண்டு. ஜிசிசி கம்பைலரில் அதன் குறி ‘-பிஜி’. இவ்வாறு திரட்டிய கணக்கைத் தொகுத்துக் காட்டும் ‘ஜிபுரோஃப்’ கருவியைப் பற்றி, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்கூசிக் ஆகியோர் 1982இல் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்வசதியை இயக்கியதும், நிரலின் ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் கம்பைலர் சில கட்டளைகளைக் கூடுதலாகச் சேர்க்கும். நிரல் ஓடும்போது, பெரும்பாலும் நொடிக்கு 100 முறை குறுக்கிட்டு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் குறித்துக்கொள்ளப்படும். நேற்றுவரை நன்றாக ஓடிய நிரல், இப்போது நடுவழியில் நின்றுபோகலாம்.

நிரல் எழுதியவர் உடனே கம்பைலரைக் குறை கூறுவார். கம்பைலரிலும் பிழை இருக்கலாம். ஆனால், அது அரிது. 10 எண்களுக்கு மட்டுமே இடமுள்ள பட்டியலில், ஒரு நிரல் 11ஆவது எண்ணையும் எழுதிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் யாருக்கும் பயன்படாத வெற்றிடத்தில் விழும்வரை தவறு வெளியே தெரியாது. கூடுதல் கட்டளைகள் சேர்ந்ததும் நினைவகத்தில் இடங்கள் சற்று நகர்கின்றன. அதே எண் இப்போது, செயற்கூறு வேலையை முடித்துத் திரும்ப வேண்டிய முகவரியின்மேல் விழுந்து அதை அழித்துவிடுகிறது. நிரல் போக வழியின்றி நின்றுவிடுகிறது. பிழை முதல் நாளிலிருந்தே அங்குதான் இருந்தது.

ஆராய முற்படும்போது தன் போக்கை மாற்றிக்கொள்ளும் பிழையை, இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரையொட்டி ‘ஹைசன்பக்’ என்று வேடிக்கையாக அழைப்பர். கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையில் இச்சொல்லைக் காணலாம்.

அளக்கும் வசதியை அணைத்ததும் நிரல் ஓடுகிறதே என்று விட்டுவிடுவது ஆபத்தானது. இன்னொரு கணினியில், இன்னொரு நாளில், அந்த 11ஆவது எண் வேறெங்காவது விழும். ஆகவே, முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரே அமைப்பில் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். பிறகு, எந்த வரியில் நிரல் நின்றது என்பதை ‘ஜிடிபி’ கருவியால் பார்க்கலாம். நினைவகத் தவறுகளைத் தேட ‘வால்கிரைண்ட்’ உதவும். ஆனால், அதில் நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும். பிழை நேரத்தைச் சார்ந்ததாக இருந்தால், அங்கும் அது ஒளிந்துகொள்ளக்கூடும்.